பிபிசியை இவ்ளோ திட்டுறாங்களே, 14 வருஷம் ஆட்சியில இருந்தப்ப ஏன் ஒண்ணும் பண்ணல?

ரெடிங்வாசி:

மக்களே ஒரு சந்தேகம். இங்க வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்ல ஒரு வெள்ளைக்கார பெரியவர், பக்கா கன்சர்வேட்டிவ், டெலிகிராஃப் பேப்பரை நாலா மடிச்சு கக்கத்துல வச்சிக்கிட்டுதான் ரயில்ல இறங்குவாரு. தங்கமான மனுஷன். ஆனா பிபிசின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், பல் வலி வந்தவர் மாதிரி மூஞ்சி போயிடும். நியூஸ் இடதுசாரி, காமெடி இடதுசாரி, சமையல் ப்ரோகிராம் கூட இடதுசாரியாம். ஆனா மத்தியானம் சாண்ட்விச் சாப்பிடும்போது ஹெட்போன்ல ரேடியோ 4, சம்மர்ல கிரிக்கெட் கமெண்ட்ரி, அதுவும் பிபிசிதான்.

2010ல இருந்து 2024 வரைக்கும் இவங்க கட்சி ஆட்சிதானே, கேமரூன், மே, ஜான்சன், ட்ரஸ், சுனக்னு அஞ்சு பிரதமர். அவ்ளோ ஆகாதுன்னா மூடியிருக்கலாம், இல்ல டிவி பாக்கறவங்க பிபிசிக்காக கட்டற லைசென்ஸ் ஃபீயையாவது தூக்கியிருக்கலாம் இல்ல? நேர்ல கேட்டா வருத்தப்படுவாரோன்னு இங்க கேக்கறேன். அப்புறம் எங்க வீட்ல டிவி கிடையாது, லேப்டாப்ல நெட்ஃபிளிக்ஸ் மட்டும். நாங்களும் அந்த ஃபீ கட்டணுமா?

கிராய்டன் மீனா:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன், முதல் கேள்விக்கு ஹாரோ அண்ணன் எப்படியும் வருவாரு.

நெட்ஃபிளிக்ஸ்ல பழைய படம் சீரியல் பாக்க லைசென்ஸ் வேணாம். எந்த சேனலா இருந்தாலும் நேரலையா பாத்தா வேணும், லேப்டாப்போ போனோ எதுல பாத்தாலும் சரி. நெட்ஃபிளிக்ஸ்லயே லைவ் நிகழ்ச்சி பாத்தாலும் வேணும். பிபிசி ஐபிளேயர்ல எது பாத்தாலும் வேணும், அது 2016 செப்டம்பர்ல இருந்து. 2025 ஏப்ரல்ல கட்டணம் 174.50 பவுண்டு ஆச்சு. ரேடியோ கேக்க 1971ல இருந்தே லைசென்ஸ் கிடையாது, அதனால உங்க பெரியவர் சாண்ட்விச் நேரம் ஃப்ரீ. கட்டாம டிவி பாத்து மாட்டினா கோர்ட்டு, 1000 பவுண்டு வரைக்கும் அபராதம் போடலாம்.

ஹாரோ அண்ணை:

வந்திட்டன் பிள்ளை.

தம்பி, நான் 86ல இஞ்ச வந்தனான். முதல் கொஞ்சக் காலம் எதிர்க்கட்சியான லேபர்தான், கடை ஒண்டு திறந்து வரி கட்டத் தொடங்கின பிறகு கன்சர்வேற்றிவ் ஆயிட்டன், மனுசி இப்பவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அதால உங்கட பெரியவரின்ர பல்வலி எனக்கும் இருக்கு.

முதல் ஒண்டு விளங்க வேணும். பிபிசியைத் தொடக்கினது இடதுசாரியள் இல்லை. ஜோன் ரீத் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர், பாதிரியாரின்ர மகன், சிரிக்கிறதுக்கே நேரம் குறிச்சு வைச்சிருப்பார் போல, ஞாயிற்றுக்கிழமையில வானொலி கோயில் மாதிரி இருக்க வேணும் எண்டு நிண்ட ஆள். 1927ல அரச சாசனத்தோட அது கூட்டுத்தாபனமாகேக்க பிரதமர் போல்ட்வின், எங்கட கட்சி. அப்ப பிள்ளை எங்கட பிள்ளைதான், யூனிவர்சிற்றிக்குப் போய்க் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

தட்சர் அம்மாவுக்கு பிபிசியைக் கண்ணில காட்டக்கூடாது. விளம்பரம் போட வைக்கலாம் எண்டு 1985ல பீகொக் எண்ட பொருளியல் பேராசிரியரின்ர தலைமையில கமிற்றி போட்டினம். சந்தை சந்தை எண்டு கதைக்கிற மனுசன், சொன்ன மாதிரிச் செய்வார் எண்டு பாத்துக்கொண்டிருக்க, 1986ல விளம்பரம் வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டார். விளம்பரக் காசில ஓடுற ஐரிவி சனல்காரருக்கும் உள்ளுக்குள்ள நல்ல சந்தோசம், விளம்பரக் காசைப் பங்குபோட ஆருக்கு விருப்பம்? அரசாங்கத்துக்குச் சொந்தமான சனல் 4 தொடங்கினதும் அதே தட்சரின்ர காலத்தில, 1982ல. இண்டைக்கு எங்கட ஆக்கள் பிபிசிக்கு அடுத்ததாத் திட்டுறது அதைத்தான். அதை விக்கப்போறம் எண்டு 2022ல எங்கட கலாசார அமைச்சர் நடீன் டொரிஸ் ஒற்றைக்கால்ல நிண்டா, 2023 ஜனவரியில அதே கட்சியின்ர அடுத்த அமைச்சர் கோப்பை மூடி வைச்சிட்டா.

இனி உங்கட 14 வருசம். நிதியமைச்சர் ஒஸ்போர்ன் 2015ல என்ன செய்தவர் எண்டா, 75 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு அரசாங்கம் குடுத்த இலவச லைசன்ஸின்ர செலவைத் தூக்கி பிபிசியின்ர தலையில வைச்சார். 2017 தேர்தல் அறிக்கையில இலவசம் தொடரும் எண்டு எங்கட கட்சியே எழுதினது. 2020 ஓகஸ்டில பிபிசி அதை நிப்பாட்டி, பென்ஷன் கிரெடிற், அதாவது வருமானம் குறைஞ்ச வயசானவைக்கான உதவிக் காசு எடுக்கிற ஆக்களுக்கு மட்டும் எண்டு சொல்ல, பாருங்கோ கிழவியளிட்டக் காசு பிடுங்கினம் எண்டு முதல் கத்தினது ஆர்? நாங்கள்தான். பந்தி வைச்சவர் ஒராள், பில் இன்னொராளின்ர பேரில.

இன்னும் கேளுங்கோ. மேலிடத்தில இருந்த ஆக்களைப் பாத்தா ரிச்சர்ட் ஷார்ப், எங்கட கட்சிக்கு நன்கொடை குடுத்தவர், ஜான்சனின்ர 800,000 பவுண்டு கடன் விசயத்தில பேர் அடிபட்டு 2023ல பிபிசி தலைவர் பதவியை விட்டார். பணிப்பாளர் நாயகமா இருந்த ரிம் டேவி 90களில ஹமர்ஸ்மித்தில கன்சர்வேற்றிவ் வேட்பாளரா உள்ளூர் சபைத் தேர்தல்ல நிண்ட ஆள். ரொபி கிப், தெரேசா மேயின்ர ஊடகப் பொறுப்பாளர், பிபிசி போர்டில. ஆனை போறதுக்கு எல்லா வாசலையும் நாங்களே திறந்து வைச்சிட்டு உள்ள நிக்கிறது ஒட்டகம் எண்டு அழுகிறம்.

லெஸ்டர் பையன்:

அண்ணா நல்லா எழுதிருக்கீங்க, ஆனா ஒரு பக்கமா மழுப்புறீங்க. டோரிங்களுக்கு, அதான் உங்க கன்சர்வேட்டிவ்காரங்களுக்கு, உண்மையா வேண்டியது நடுநிலை இல்ல, தனக்கு ஜால்ரா அடிக்கற சேனல். 2021ல ஜிபி நியூஸ் வந்துச்சே, அதுல 2023ல புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் டோரி எம்.பி., தங்க கட்சி நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட்டையே உக்கார வச்சு பட்ஜெட் பத்தி பேட்டி எடுத்தாங்க. டிவி, ரேடியோவை கண்காணிக்கற ஆஃப்காம் அது விதிமீறல்னு சொல்லிடுச்சு. கல்யாண வீட்டு வீடியோல கூட ரெண்டு பக்க சொந்தக்காரங்களையும் காட்டுவான்.

பிபிசில ஃபுட்பால் நிகழ்ச்சி நடத்தின லினேக்கர் கதை மறந்துட்டீங்களா? 2023 மார்ச்ல அகதிங்க கொள்கை பத்தி ஒரு ட்வீட் போட்டாருன்னு நிகழ்ச்சிக்கு வராம வெளிய உக்கார வச்சாங்க, மத்தவங்க எல்லாரும் நாங்களும் வரலன்னுட்டாங்க, அவர் நடத்தின மேட்ச் ஆஃப் த டே வர்ணனை இல்லாம ஆள் இல்லாம 20 நிமிஷம் ஓடுச்சு. பேச்சுரிமை பேச்சுரிமைன்னு தினமும் கத்தற உங்க ஆளுங்க அன்னைக்கு எங்க போனாங்க?

ஹாரோ அண்ணை:

தம்பி, ஜிபி நியூஸ் விசயத்தில நீர் சொல்லுறது சரி, நானும் ஒரு கிழமை பாத்திட்டு நிப்பாட்டினனான், சொந்தக் கட்சி ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்குடுக்கிறதைப் பாக்கிறதெண்டா நான் கட்சிக் கூட்டத்துக்கே போவன், அங்க தேத்தண்ணியாவது தருவினம்.

லினேக்கரைப் பற்றி ஒண்டு. அந்த ஆக்கள் இல்லாத 20 நிமிசத்தை அதுக்கு முந்தின கிழமையை விடக் கூடச் சனம் பாத்தது. அந்த மனுசனுக்கு வருசத்துக்கு 1.35 மில்லியன். ஒரு கன்சர்வேற்றிவ்காரன் இதைவிட என்ன சந்தோசத்தைக் கேக்கப்போறான்.

ஆனா பகிடியை விட்டிட்டுச் சொன்னா, திட்டுறதில நியாயமும் இருக்கு. 2024ல அமெரிக்கத் தேர்தலுக்குக் கிட்டவா பனோரமா எண்ட பிபிசி நிகழ்ச்சியில ட்ரம்பின்ர 2021 ஜனவரி 6 பேச்சில கிட்டத்தட்ட ஒரு மணித்தியால இடைவெளியில சொன்ன ரெண்டு துண்டை ஒட்டி ஒரே வசனம் மாதிரிக் காட்டினவை. எனக்கு ட்ரம்பைத் துளியும் பிடிக்காது, அதுக்காக வெட்டி ஒட்டேலுமோ? வீடியோக் கடைப் பெடியனே செய்யமாட்டான். உள்ளுக்க எழுதின குறிப்பு ஒண்டு டெலிகிராஃபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு 2025 நவம்பரில டேவியும் செய்திப் பொறுப்பாளர் டெபோரா ரேர்னெஸும் ஒரே நாளில ராஜினாமா. அதுக்கு முதல் பிபிசி செய்தி வாசிப்பாளர் ஹியூ எட்வேட்ஸ். ராணியம்மா செத்த செய்தியைக் கறுப்பு ரை கட்டிக்கொண்டு நாட்டுக்கே சொன்ன குரல். சிறுவர்களின்ர ஆபாசப் படங்கள் சம்பந்தமா 2024 ஜூலையில கோர்ட்டில குற்றத்தை ஒத்துக்கொண்டார். 2023 நவம்பரில பொலிஸ் பிடிச்சது மேலிடத்துக்குத் தெரிஞ்சும் சம்பளம் போய்க்கொண்டே இருந்தது, பிறகு 200,000 பவுண்டைத் திருப்பித் தா எண்டு கேட்டினம். அதே நாட்டில லைசன்ஸ் இல்லாமல் கோர்ட்டுக்குப் போறது ஆரெண்டு பாருங்கோ, பத்தில ஏழு பேருக்கு மேல பொம்பிளையள், பகலில வீட்டில நிண்டு கதவைத் திறக்கிறது அவையள்தானே. இதுக்கு நான் இடதுசாரியோ வலதுசாரியோ ஆக வேண்டியதில்லை.

அப்ப ஏன் மூடேல்லை? என்ர அப்பாவைச் சொல்லுறன். ஊரில கொழும்பு வானொலிச் செய்தியை அவர் நம்பமாட்டார், இரவில லண்டனில இருந்து வாற பிபிசியின்ர தமிழோசை பிடிச்சால்தான் நடந்தது நடந்தது. 1941ல தொடங்கினது அது. எங்கட கட்சி 2010ல தமிழோசையும் அடங்கின பிபிசி உலக சேவையின்ர செலவை வெளிநாட்டமைச்சில இருந்து எடுத்து லைசன்ஸ் காசில போட்டது, 2014ல இருந்து அப்பிடித்தான். தமிழோசை வானொலி 2017ல நிண்டுபோச்சு. அண்டைக்கு நான் எங்கட கட்சியைத் திட்டின திட்டு மனுசிக்குத் தெரியும். உங்கட பெரியவருக்கும் அப்பிடி ஒண்டு இருக்கும், கிரிக்கெட்டோ, கடல் வானிலை அறிக்கையோ, டொகர் ஃபிஷர் ஜெர்மன் பைற் எண்டு கடல் பகுதியளின்ர பேரை நித்திரைக்கு முதல் வாசிக்கிறது. அந்தாள் ஜென்மத்தில கப்பல் ஓட்டியிருக்கமாட்டார், ஆனா அதில கை வைச்சுப் பாருங்கோ தெரியும்.

பிபிசியின்ர இப்பத்தைய அரச சாசனம் 2027 கடைசியில முடியுது. லேபர்தான் இப்ப முடிவெடுக்க வேணும். நாங்கள் பக்கத்தில நிண்டு திட்டுவம், அது எங்களுக்கு நல்லா வரும்.

ரெடிங்வாசி:

அண்ணா சூப்பர். இதைப் படிச்சிட்டு இன்னைக்கு தைரியமா அவர்கிட்டயே கேட்டுட்டேன். கோவப்படல. லைசென்ஸ் ஃபீ கட்டுறீங்களான்னு கேட்டதுக்கு, டைரக்ட் டெபிட், கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு மாசம் தவறினதில்லன்னாரு. அப்புறம் பத்து நிமிஷம் திட்டினாரு.

அவர் சொன்னதுல ஒண்ணுதான் நம்ப முடியல, கருப்பு வெள்ளை டிவிக்கு தனி ரேட் இன்னும் இருக்காமே, நிஜமா?

கிராய்டன் மீனா:

நிஜம்தான், 2025 ஏப்ரல்ல அது 58.50 பவுண்டு ஆச்சு. இன்னும் சில ஆயிரம் பேர் அதை வாங்கறாங்க. கலர் லேப்டாப்ப வச்சிக்கிட்டு அந்த ஐடியாவுக்கு போயிடாதீங்க.