மீனை எண்ணினால் போதுமா, மீனவரையும் கேட்க வேண்டுமா?

எண்கோலம்: மீன்வள ஆய்வில் சமூக அறிவியலுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம், இவை தெரிந்தால் ஆளுக்கு இவ்வளவு பிடிக்கலாம் என்று ஒதுக்கீடு போட்டுவிடலாம். மீனவர்களிடம் பேட்டி எடுத்துத் தொகுப்பதால் மீன் பெருகாது.

வலைக்கயிறு: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அப்படித்தான் நினைத்தார்கள். சிறு படகில் கரையோரம் மீன்பிடித்தவர்கள் 1980களின் நடுவிலேயே காட் மீன் குறைகிறது, அளவும் சிறுத்துவிட்டது என்று எச்சரித்தார்கள், கேட்க ஆளில்லை. கணக்குப் போட்டவர்கள் ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் மீன்பாட்டை அதிகம் நம்பினார்கள். மிச்சமிருந்த மீன் ஓரிடத்தில் திரண்டு நிற்க, கப்பல்கள் கருவி வைத்து அதைத் தேடிப் பிடிக்க, மீன்பாடு நன்றாகவே தெரிந்தது. 1992 ஜூலையில் மீன்பிடிக்கவே தடை வந்தது, சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அந்தக் கரையோர மீனவர்களிடம் போய்க் கேட்பதும் ஆய்வுதான் சார்.

எண்கோலம்: அது தப்பான கணக்கு, அவ்வளவுதான். கணக்கைத் திருத்த வேண்டும். சரி, 1954இல் ஸ்காட் கார்டன் சொன்னதற்கு என்ன பதில்? யாரும் நுழையலாம் என்று விட்ட கடலில் லாபம் தீரும்வரை படகுகள் வந்துகொண்டே இருக்கும். வாங்கி விற்கக்கூடிய ஒதுக்கீட்டை 1986இல் நியூசிலாந்து கொண்டுவந்ததும் இந்தச் சிந்தனையில்தான்.

கரைநண்டு: கார்டன் பொருளியலாளர், அதுவும் சமூக அறிவியல்தானே! மீனவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரவே மாட்டார்கள் என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது, ஊருக்குள் போய்ப் பார்த்தவர்கள்தான் அதை உடைத்தார்கள். துருக்கியின் அலன்யாவில் 1970களில் இடத்துக்காக அடிதடி. பிறகு கூட்டுறவுச் சங்கம் மீன்பிடி இடங்களுக்குப் பட்டியல் போட்டு, செப்டம்பரில் சீட்டு எடுத்து, ஜனவரி வரை தினமும் ஓர் இடம் கிழக்கே, அப்புறம் மே வரை மேற்கே என்று மாறி மாறிப் போனார்கள். இடம் தவறி வலை விரித்தால் அன்று அந்த இடத்துக்கு உரியவரே பார்த்துவிடுவார், தனிக் காவல் எதற்கு? 2009இல் பொருளியலுக்கான நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டிய ஊர்களில் அதுவும் ஒன்று.

எண்கோலம்: நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நூறு மீனவர்கள், எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். பல நாட்டுக் கப்பல்கள் துரத்தும் சூரை மீனுக்கு யார் சீட்டு எடுப்பது?

வலைக்கயிறு: அந்தக் கேள்வி கஷ்டமானதுதான், என்னிடம் தயார் பதில் இல்லை. ஆனால் ஒதுக்கீடும் பிரச்சினையை முடித்துவிடவில்லை. ஐஸ்லாந்தில் இரண்டு மீனவர்கள் முறையிட்டு, அங்குள்ள ஒதுக்கீட்டு முறை பாகுபாடானது என்று 2007இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. ஒதுக்கீடு யார் கைக்குப் போனது, அதை விற்றுவிட்ட ஊரில் மீன் வெட்டிப் பதப்படுத்திய பெண்கள் என்ன ஆனார்கள், இதை உங்கள் மீன் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?