பண்புசார் ஆய்வு: தீம் என்று நான் எழுதியதெல்லாம் என் கேள்விகளாகவே இருக்கின்றன. எங்கே தவறு?

தேன்சிட்டு (கேள்வி)

வணக்கம். கல்வியியலில் பி.எச்.டி. இரண்டாம் ஆண்டு. ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துவதுதான் என் தலைப்பு. 9 பள்ளிகள், 11 ஆசிரியர்கள், ஆளுக்கு முக்கால் மணி நேரம் பேட்டி. ஆய்வேடு ஆங்கிலத்தில் என்பதால் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, டாகெட் மென்பொருளில் ஏற்றி கோடிங் செய்தேன், அதாவது பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு பெயர் (கோட்) வைத்தேன். 63 கோட் வந்தது. அவற்றை ஐந்து தீமாகச் சேர்த்தேன்: பணிச்சுமை, கற்பித்தல் உத்திகள், கற்பித்தல் கருவிகள், பெற்றோர் ஒத்துழைப்பு, பயிற்சித் தேவை.

கைடு அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தது: “இது கண்டுபிடிப்பு இல்லை, உன் கேள்வித்தாள்.” போய் எடுத்துப் பார்த்தால் உண்மைதான். ஐந்து கேள்விகள், அதே வரிசையில் ஐந்து தீம்.

போதாக்குறைக்கு, டி.சி. (டாக்டோரல் கமிட்டி) உறுப்பினர் ஒருவர் “11 பேர் போதுமா, கப்பா எவ்வளவு?” என்று கேட்டிருக்கிறார். கப்பா என்றால் இரண்டு பேர் போடும் கோட் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண். அடுத்த மீட்டிங்குக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. 63 கோடையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

மின்னல்வேகம்

11 டிரான்ஸ்கிரிப்டையும் ஏ.ஐ.யில் போடுங்கள். பத்து நிமிடத்தில் தீம் வந்துவிடும். எதற்கு மூன்று வாரம்?

பழைய பெஞ்ச்

தம்பி, அந்த ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் “உங்கள் பேச்சை வெளி நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புவோம்” என்று இருந்ததா? இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம். தவிர, அதுவும் இதே ஐந்து தலைப்பைத்தான் அழகாக எழுதித் தரும்.

தேன்சிட்டு, எதையும் தூக்கிப் போட வேண்டாம். உங்களிடம் இருப்பவை தலைப்புகள். ‘பணிச்சுமை’ என்று ஒருவர் சொன்னால் “சரி, அதற்கென்ன?” என்றுதான் கேட்கத் தோன்றும். தீம் என்றால் அது ஒரு வாக்கியமாக இருக்க வேண்டும், அதில் வினைச்சொல் இருக்க வேண்டும், “அப்படியெல்லாம் இல்லை” என்று இன்னொருவர் மறுக்கவும் இடம் இருக்க வேண்டும். வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் தீம் பகுப்பாய்வு பற்றி 2006-இல் எழுதிய கட்டுரையை நீங்கள் நிச்சயம் மேற்கோள் காட்டியிருப்பீர்கள், எல்லோரும் காட்டுகிறோம். அவர்களே பிறகு திரும்பத் திரும்பப் புலம்புவது இதைத்தான்: ஒரு தலைப்பின் கீழ் யார் என்ன சொன்னார்கள் என்று தொகுத்துவிட்டு அதற்குத் தீம் என்று பெயர் வைக்கிறார்கள் என்று.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். ‘கற்பித்தல் உத்திகள்’ தலைப்பின் கீழ் வந்த ஒரே ஒரு துண்டை இங்கே போடுங்கள். ஆங்கிலம் வேண்டாம். ஆடியோவை மறுபடி கேட்டு, காதில் விழுவதை அப்படியே தமிழில் போடுங்கள். இருமலைக்கூட விட வேண்டாம். பெயர், ஊர் மட்டும் எடுத்துவிடுங்கள்.

தேன்சிட்டு

நல்ல வேளை, ஆடியோவை அழிக்கவில்லை. ஆங்கிலத்தில் நான் எழுதியிருப்பது இரண்டே வரி. “எப்படியோ மேனேஜ் செய்கிறோம். குறிப்பிட்ட உத்தி எதுவும் இல்லை” என்ற பொருளில். கோட்: ‘உத்தி இல்லை’. ஆடியோவில் இருப்பது இது:

ஆசிரியர்: ஒண்ணு, ரெண்டு, மூணு என்கிட்ட. நாலு, அஞ்சு எச்.எம். கிட்ட. அவங்க மீட்டிங் போயிட்டா அஞ்சும் என்கிட்டதான். எப்படியோ சமாளிச்சுக்கறோம்மா.
(ஒரு குழந்தை, பென்சிலை யாரோ எடுத்துக்கொண்டதாகப் புகார்.)
ஆசிரியர்: குடுத்துடுறா அவகிட்ட. அஞ்சாங்கிளாஸ்ல யாராவது ஒருத்தர் வாங்க இங்க. இந்த மூணு பேருக்கும் ஆனா ஆவன்னா எழுதிப் போடு. எழுதறப்ப வாய்விட்டுச் சொல்லச் சொல்லணும், சரியா? ம்... என்ன கேட்டீங்க?
நான்: உத்தி ஏதாவது பயன்படுத்துறீங்களா மேடம்?
ஆசிரியர்: உத்தியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஒப்பேத்துறதுதான்.

நடுவில் வருகிற குழந்தைகள் விஷயம் எல்லாப் பேட்டியிலும் இருந்தது. பேட்டிக்குச் சம்பந்தம் இல்லாத சத்தம் என்று டிரான்ஸ்கிரிப்டில் வெட்டிவிட்டேன்.

பழைய பெஞ்ச்

நீங்கள் வெட்டிப் போட்டதுதான் உங்கள் ஆய்வு.

ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை அழைத்து ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித்தர அனுப்புகிறார். எப்படிச் செய்ய வேண்டும் என்றும் (வாய்விட்டுச் சொல்ல வைக்கணும்) அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறார். பத்து வினாடியில் இதை முடித்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பி “உத்தியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்கிறார். நீங்கள் அந்தப் பத்து வினாடியை அழித்துவிட்டு ‘உத்தி இல்லை’ என்று கோட் போட்டிருக்கிறீர்கள்.

பேட்டியில் மனிதர்கள் சொல்வது ஒன்று, பேட்டி நடக்கும்போதே செய்வது இன்னொன்று. உங்களுக்கு இரண்டும் ஒரே ஒலிப்பதிவில் அகப்பட்டிருக்கிறது. பலருக்கு வாய்க்காத அதிர்ஷ்டம்.

சிலேட்டுப் பலகை

நான் ஆய்வாளர் இல்லை, ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவள். மேலே உள்ள டீச்சர் பேசியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நான் பேசிய மாதிரியே இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. சமாளிக்கிறதும் ஒப்பேத்துறதும் ஒன்றில்லை. சமாளிச்சேன் என்றால் கஷ்டப்பட்டாவது அன்றைக்குப் பாடம் நடந்தது. ஒப்பேத்தினேன் என்றால் இருப்பதை வைத்து எதையோ செய்தேன், அது முறையான பாடம் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம். மூன்றாவதாக ஒன்று உண்டு, “ஓட்டிட்டிருக்கேன்”. அது நடக்கவே இல்லை, மணி அடித்தது, அவ்வளவுதான். மூன்றையும் ‘மேனேஜ்’ என்று எழுதினால் மூன்று வேறு நாட்களை ஒரே நாளாக ஆக்கிவிட்டீர்கள்.

அந்த டீச்சர் பிள்ளையை வைத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தந்ததை ஒப்பேத்துறது என்கிறார் பாருங்கள், அது எனக்குச் சுருக்கென்று பட்டது. செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படிக்கும் முறை) 2007-இல் மாநிலம் முழுக்க வந்தபோது அட்டை, படிகளைக் காட்டும் ஏணி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் இருப்பதே அங்கே முறை. ஆந்திராவில் ரிஷி வேலிப் பள்ளிக்காரர்கள் செய்ததைப் பார்த்து வந்ததுதானே அது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதை அப்போது யாரும் ஒப்பேத்துறது என்று சொல்லவில்லை.

கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். வகுப்போ ஐந்து. அதனால் இது எப்போதாவது வரும் சங்கடம் இல்லை, தினப்படி ஏற்பாடே இப்படித்தான்.

தேன்சிட்டு

அக்கா, மிக்க நன்றி. உங்கள் பதிலை அச்சடித்து மேசையில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு நாளாக 11 ஆடியோவையும் மறுபடி கேட்டேன். ஒரு திருத்தம், “எல்லாப் பேட்டியிலும்” என்று நான் எழுதியது தவறு. 7 பேட்டிகள் வகுப்பு நேரத்தில் எடுத்தவை, அவற்றில்தான் குறுக்கீடு. மற்ற 4 பள்ளி விட்ட பிறகு எடுத்தவை. அந்த நான்கிலும் ஆசிரியர்கள் பயிற்சி வகுப்பில் பேசுவது போல “மாணவர் மையக் கற்றல்”, “குழுச் செயல்பாடு” என்றே பேசுகிறார்கள். ஒப்பேத்துறது என்ற சொல் அவற்றில் ஒரு தடவைகூட வரவில்லை. முதல் ஏழில் ஐந்து பேர் அதையோ அது மாதிரி ஒன்றையோ சொல்கிறார்கள்.

கோட்நடை

இந்த வேறுபாட்டை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், தேதியோடு. எப்போது, எங்கே உட்கார்ந்து பேசினீர்கள் என்பதும் தரவுதான்.

கப்பா விஷயத்துக்கு வருகிறேன். அது ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த அளவு. இரண்டு பேர் ஒரே துண்டுகளைத் தனித்தனியாக, முன்பே முடிவான பெட்டிகளில் போடுகிறார்கள். அந்த ஒற்றுமை தற்செயலைத் தாண்டி எவ்வளவு என்று பார்க்கிறது. பெட்டிகள் முதலிலேயே உறுதியாக இருந்தால் பொருத்தமான கருவி. நீங்களோ இந்த இழையிலேயே பெட்டியை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ‘உத்தி இல்லை’ என்ற கோடுக்கு நேற்று வரை உங்களுக்கும், ஒரு தோழியைக் கூடவே கோடிங் செய்யச் சொல்லியிருந்தால் அவருக்கும், நூற்றுக்கு நூறு ஒற்றுமை வந்திருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து தவறு செய்திருப்பீர்கள்.

எண்ணிக்கை: கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் எழுதியதைக் காட்டி “12 போதும்” என்று சொல்லிவிடுவது வழக்கம். அது கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த பேட்டி. முதல் 6 பேட்டியிலேயே 73 சதவீதக் கோடுகளும், 12-க்குள் 92 சதவீதமும் வந்துவிட்டன என்று கண்டார்கள். ஆனால் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஆட்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டால்தான் இது பொருந்தும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். 12 என்ற எண்ணைத் தாயத்து போலக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். 11 பேர், 7 வகுப்பு நேரம், 4 மாலை நேரம், இதை வைத்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று எழுதுங்கள்.

ஊர்க்குருவி

தத்துவம் சரி, ஆனால் டி.சி.யில் உட்கார்ந்து பாருங்கள். கேட்டவர் எண் சார்ந்த ஆய்வுக்காரர், கப்பா வேண்டாம் என்றால் மீட்டிங் முழுவதும் அதிலேயே போய்விடும். ஒரு தோழியிடம் இரண்டு டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்து, கோடிங் செய்ய வைத்து ஒரு எண்ணைப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். நான் அப்படித்தான் தப்பித்தேன்.

கோட்நடை

தப்பித்தீர்கள், வைவாவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? ஒரு பக்கத்தில் “ஆய்வாளரின் வாசிப்பே கருவி” என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் கப்பா 0.8 என்றால், எதை நம்புவது? தோழியிடம் கொடுப்பது நல்ல யோசனைதான், எண்ணுக்காக வேண்டாம். எங்கே அவர் உங்களோடு ஒத்துப்போகவில்லையோ அதை உட்கார்ந்து பேசுங்கள், பேசியதை எழுதி வையுங்கள். லிங்கனும் கூபாவும் 1985-இல் சொன்ன நம்பகத்தன்மைக்கு அது ஒரு நல்ல தடயம்.

ஊர்க்குருவி

அதற்கு நேரம் இருந்தால் சரி. எனக்கு இல்லை.

வாசற்படி

வேறு ஒன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குறுக்கீடுகளில் பேசுவது குழந்தைகள். ஒப்புதல் வாங்கியது ஆசிரியரிடம் மட்டும்தானே? அப்படியென்றால் குழந்தையின் வார்த்தையை மேற்கோளாகப் போடாதீர்கள், பெயர் எங்கும் வரக்கூடாது. ஆசிரியர் என்ன செய்தார் என்பதை மட்டும் விவரியுங்கள். அதற்கும் உங்கள் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். “ஒலிப்பதிவில் தற்செயலாக விழுந்தது” என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

இன்னொன்று, இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் “24 ஆண்டு அனுபவம், பெண், இடைநிலை ஆசிரியர்” என்று அட்டவணை போட்டால் ஒன்றியத்தில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ‘ஆசிரியர் 4’ என்று பெயர் மாற்றி என்ன பயன்? அனுபவத்தை 10-க்கு மேல், 20-க்கு மேல் என்று அகலமாகப் போடுங்கள்.

பழைய பெஞ்ச்

வாசற்படி சொன்னதை முதலில் செய்யுங்கள். அப்புறம் ஆடியோவை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள், இரண்டும் ஒரே பையில் இருக்கக்கூடாது. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர் பக்கம் ராம்புராவில் 1948-இல் களப்பணி செய்தார். ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970-இல் ஸ்டான்போர்டில் யாரோ வைத்த தீயில் போயின. மூன்று பிரதி இருந்தது, மூன்றும் ஒரே கட்டடத்தில். அவர் நினைவிலிருந்து புத்தகமே எழுதிவிட்டார். நமக்கு அது நடக்காது.

தேன்சிட்டு

ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், அடித்துத் திருத்துங்கள்: “ஆசிரியர்கள் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் உத்திகளைச் செய்துகொண்டிருக்கும்போதே அவற்றை உத்தி என்று சொல்ல மறுக்கிறார்கள், அதற்கு அவர்களிடம் பெயர் இல்லாததால்.”

சிலேட்டுப் பலகை

கடைசி நான்கு சொல்லை எடுத்துவிடு தங்கச்சி. பெயர் இருக்கிறதே. ஒப்பேத்துறது. எங்கள் வேலையை நாங்களே குறைத்துச் சொல்லிக்கொள்ள வைத்திருக்கிற பெயர் அது.

பழைய பெஞ்ச்

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. இதுதான் தீம். பணிச்சுமை, பயிற்சி எல்லாம் இதற்குள் தானாக வந்து உட்காரும், உட்காராததை விட்டுவிடுங்கள். 63 கோடில் பாதி போகும், போகட்டும். மொழிபெயர்ப்பையும் ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலேயே கோடிங் செய்யுங்கள். மேற்கோளாக ஆய்வேட்டுக்குள் போகும் துண்டை மட்டும் கடைசியில் ஆங்கிலமாக்கினால் போதும்.

தேன்சிட்டு

மீட்டிங் நேற்று முடிந்தது. கப்பா கேள்வி வந்தது, கோட்நடை சொன்னதை என் வார்த்தையில் சொன்னேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் “தோழியோடு ஒத்துப்போகாத இடங்களைப் பின்னிணைப்பில் வை” என்று விட்டுவிட்டார். ஒப்பேத்துறது என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவாய் என்று கால் மணி நேரம் விவாதம், ஆளுக்கொரு சொல். கடைசியில் தமிழ்ச் சொல்லையே வைத்து ஒரு பத்தி விளக்கம் எழுதச் சொல்லிவிட்டார்கள். அக்கா, அந்தப் பத்திக்கு உங்கள் மூன்று நாள் விளக்கத்தைப் பயன்படுத்தலாமா? பெயர் போட மாட்டேன்.

மாலையில் பேசிய நான்கு ஆசிரியர்களிடம் மறுபடி போகிறேன். நெறிமுறைக் குழுவின் பதில் வந்ததும், இந்தத் தடவை காலை பத்து மணிக்கு, வகுப்புக்குள்ளேயே.

சிலேட்டுப் பலகை

தாராளமாகப் பயன்படுத்து. பத்து மணி வேண்டாம், பதினொன்றரைக்குப் போ. அதற்குள் எச்.எம். மீட்டிங்குக்குக் கிளம்பியிருப்பார்கள்.