அக்கா குழந்தைக்கு முதுகுத்தண்டு பிரச்சன, அவர் சைடுல தலசீமியா, இப்பவே எந்த மாத்திர ஆரம்பிக்கலாம்?

தருமபுரிமருமக:
எனக்கு 27, கல்யாணமாகி எட்டு மாசம், கட்டுனது பெரிய மாமா பையனத்தான். அக்காவோட முதல் குழந்தைக்கு அஞ்சாம் மாச ஸ்கேன்லயே முதுகுத்தண்டு சரியா மூடலன்னு சொல்லிட்டாங்க. சின்ன மாமா பையனுக்கு தலசீமியா மேஜர், மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்துறாங்க. எனக்கு ஹீமோகுளோபின் 9.8 தான், அத்தை உடனே இரும்பு டானிக் வாங்கி வெச்சிட்டாங்க, கூட தினமும் முருங்கக்கீர. இதுவே போதுமா இல்ல வேற மாத்திர போடணுமா?

ரெண்டுகுட்டிஅம்மா:
எனக்கும் முதல் குழந்த அப்படித்தான் போச்சு. ரெண்டாவதுக்கு முன்னாடி மூணு மாசம் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் போட்டேன், இப்ப பையன் யுகேஜி. எல்லாருக்கும் சொல்ற அளவு 400 மைக்ரோகிராம்தான், குடும்பத்துல இப்படி இருந்தா டாக்டர் கூட்டி எழுதுவாங்க, அத நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஆனா கேட்கறத தள்ளிப் போடவும் கூடாது, ஏன்னா கரு உண்டாகி 28 நாளுக்குள்ள முதுகுத்தண்டு மூடிடுது, நாள் தள்ளிப்போச்சேன்னு நாம யோசிக்கிறப்பவே பாதி வேல முடிஞ்சிருக்கும்! கீர நல்லதுதான், ஆனா வேகவெச்ச தண்ணிய கொட்டிட்டா ஃபோலேட்டும் (கீரையில இருக்கற ஃபோலிக் ஆசிட் வகை) அதோட போச்சு, கீரைய மட்டும் நம்பி மாத்திரைய விடாதீங்க.

லேப்காரன்:
டானிக்க கொஞ்சம் நிறுத்தி வைங்க. தலசீமியா கேரியருக்கும், அதாவது நோய் இல்லாம அந்த ஜீன மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கும், ஹீமோகுளோபின் கம்மியா, ரத்த செல்லு சின்னதா வரும், அது இரும்புக் குறையான்னு ஃபெரிட்டின், அதாவது உடம்புல இரும்பு எவ்வளவு சேமிச்சிருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட், பார்த்தாத்தான் தெரியும். குறை இருந்தா தாராளமா குடிங்க, இல்லன்னா தேவையில்லாம உடம்புல சேரும். கூடவே ஹீமோகுளோபின் வகைகள பிரிச்சுக் காட்டுற ஹெச்பிஎல்சி டெஸ்ட் எடுங்க, அதுல ஏ2ங்கற வகை வழக்கமா 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா கேரியர். இரும்பு ரொம்ப கம்மியா இருந்தா ஏ2வும் இறங்கிக் காட்டும், அதனால ரெண்டையும் சேத்தே பாக்கணும். உங்க சொந்தத்துல ஒரு கணக்கு இருக்கு பாருங்க, சின்ன மாமா கண்டிப்பா கேரியர், அப்போ கூடப்பிறந்த உங்க அம்மாவுக்கும் உங்க மாமனாருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அது உங்க ரெண்டு பேர் வரைக்கும் வந்திருக்கலாம். ரெண்டு பேரும் கேரியர்னா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் மேஜர் வர 25 சதவீதம். எந்த மாத்திரையும் அத மாத்தாது, முன்னாடியே தெரிஞ்சா கர்ப்பத்துலயே பாக்க டெஸ்ட் இருக்கு, 11-வது வாரத்துலேந்து எடுக்கலாம்.

மெடிக்கல்ஷாப்அண்ணன்:
நிறைய பேர் செய்யிற தப்பு ஒண்ணு சொல்றேன்மா. ஃபோலிக் ஆசிட் அதிகம் வேணும்னு மல்டிவிட்டமின ரெண்டு மூணா முழுங்காதீங்க, வைட்டமின் ஏ அளவு தாண்டுனா அதுவே குழந்தைக்கு கெடுதல். காட் லிவர் ஆயில் மாத்திரையும் ஈரலும் அதே கத. சைவமா இருந்தா பி12-ம் பாத்துக்கோங்க. வலிப்பு மாத்திர எடுக்கறவங்கன்னா, குறிப்பா வால்ப்ரோயேட்னா, அத டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க, ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க.

தருமபுரிமருமக:
வலிப்பெல்லாம் இல்லண்ணா. இவர்தான் "எனக்கு என்ன நோயா"ன்னு லேபுக்கு வர மாட்டேங்கறார்…

லேப்காரன்:
நோயே இல்ல, கேரியர்னா பெரும்பாலும் நல்லாத்தான் இருப்பாங்க, அதத்தான் சொல்லுங்க. வரலன்னா நீங்க முதல்ல எடுத்துட்டு ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க. உங்களுக்கு ஏ2 ஏறி இருந்தா அந்தத் தாள அவர் கையில குடுங்க, வந்துடுவார்.

தருமபுரிமருமக:
சரி, வர்ற திங்கள் போறேன். டானிக்க எடுத்து அலமாரில வெச்சிட்டேன், அத்தை மூஞ்சிய தூக்கி வெச்சிருக்காங்க, கீரைக்கு மட்டும் தண்ணி கொட்டாம பொரியல் பண்ண சொல்லிருக்கேன்.