ஜெனரல் மார்பில் பதினாலு மெடல், அதில் வீரத்துக்கு எத்தனை?

கரும்பலகை:
எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஒருவர் வந்திருந்தார். கோட்டில் நெருக்கி அடுக்கிய மெடல்கள். ஏழாம் வகுப்புப் பையன் விரல்விட்டு எண்ணி, "பதினாலு சண்டையா சார்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து தேடினேன். ஒன்பது வருஷம் பணி செய்தால் ஒன்று, இருபதுக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று. 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திரப் பொன்விழா மெடல். இவற்றுக்கு மேலே பரம் விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட என்று சிறப்பான பணிக்குத் தரும் மூன்று சேவா மெடல்கள். விதிப்படி இவை எல்லாப் பதவிக்கும் உரியவை. நடப்பில் முதலாவது பெரும்பாலும் லெப்டினன்ட் ஜெனரல்களுக்கும், மூன்றாவது கர்னல், பிரிகேடியர்களுக்கும் போகிறது. பதவி ஏற ஏற மெடலும் ஏறுகிறது. பதினாலில் குண்டுக்கு முன்னால் நின்றதற்காக ஒன்றுகூட இல்லை. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் உயிரைக் கொடுத்துப் பெற்றது ஒரே ஒரு அசோக் சக்ரா, போரில்லாத காலத்தின் மிக உயர்ந்த வீர விருது. இரண்டும் ஒரே மாதிரி மார்பில் தொங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. வீரத்துக்குத் தருவதைத் தவிர வேறெதையும் சீருடையில் குத்தவே கூடாது.

பழைய சுபேதார்:
வாத்தியார் சார், என் மார்பில் ஏழு மெடல். வீரத்துக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கணக்குப்படி நான் வெறும் சட்டையோடுதான் அணிவகுப்புக்குப் போக வேண்டும்.

அந்த ஏழில் ஒன்று சியாச்சின் மெடல், அந்தப் பனிமலைக் காவலுக்குத் தருவது. மேலே போஸ்டில் பூட்ஸ் கயிறு அவிழ்ந்தால் கையுறையைக் கழற்றித்தான் கட்ட முடியும். கட்டி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகும், பல்லால் கையுறையை இழுத்து மாட்டுவோம். என் இடது கால் சுண்டு விரல் நுனி அங்கேதான் கறுத்தது, கீழே ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். எதிரியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. 2016 பிப்ரவரி 3-ந் தேதி அங்கே சோனம் போஸ்டில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-வது பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது. ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள், 11-ந் தேதி அவரும் போய்விட்டார். அங்கே ஒரு குண்டும் பாயவில்லை. அந்த மெடல் சும்மா வந்ததா?

கோடைக்காற்று:
சுபேதார் ஐயாவுக்கு வணக்கம். நான் ராணுவ அதிகாரியாவதற்கான சி.டி.எஸ். தேர்வுக்குப் படிப்பவன். சேனா மெடலைப் பற்றி யாரும் பேசவில்லையே? சிவப்பு ரிப்பன், நடுவில் வெள்ளைக் கோடு. துணிச்சலுக்கும் அதுதான், நல்ல பணிக்கும் அதுதான். எதற்கு வாங்கியது என்று பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். 2017-ல் வீரப் பதக்கங்களுக்கான மாதப் படியை இரட்டிப்பாக்கியபோது போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த பரம் வீர் சக்ராவுக்கு 20,000, அசோக் சக்ராவுக்கு 12,000, சேனா மெடலுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த 2,000 துணிச்சலுக்கு வாங்கியவருக்கு மட்டும்தான். பணத்தில் பிரிக்கத் தெரிந்த அரசுக்கு ரிப்பனில் பிரிக்க முடியாதா? வாத்தியார் சார் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

கரும்பலகை:
ஐயா, சியாச்சினை நான் ஒன்பது வருஷ மெடலோடு சேர்த்து எண்ணியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். களத்தில் நின்றதற்குத் தரும் மெடல்கள் மேல் எனக்கு இனி வாதம் இல்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கும் மூன்று சேவா மெடல்கள் மேல் இருக்கிறது.

குன்னூர்க்காரி:
மேஜை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கடைசிவரை வாழ்ந்த மானெக்‌ஷாவையே எடுங்கள். 1942 பிப்ரவரி, பர்மாவில் சிட்டாங் பாலம். வயிற்றில் குண்டுகள் பாய்ந்து கிடந்த அந்த இளம் அதிகாரி பிழைக்க மாட்டார் என்று நினைத்த ஜெனரல் கோவன், தன் மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி அவர் மார்பில் குத்தினார். இறந்தவருக்கு அன்றைக்கு அந்தப் பதக்கம் கிடையாது. அது தனி மனிதத் துணிச்சல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1971 வங்கதேசப் போரில் ராணுவத் தலைமைத் தளபதியாக அவர் சுடவில்லை, படையை நடத்தினார். அதே போரில் நான்காவது கோர் என்ற பெரும் படைப்பிரிவின் தளபதி சகத் சிங், பாலம் தகர்ந்து கிடந்த மேக்னா ஆற்றை ஹெலிகாப்டர்களில் படையை ஏற்றித் தாண்டவைத்து டாக்காவுக்கு வழி திறந்தார். அவர் பெயருக்குப் பின்னால் இருப்பவை பரம் விசிஷ்ட சேவாவும் பத்ம பூஷணும்தான். சக்ரா எதுவும் இல்லை. அவர் மார்பையும் காலி செய்வீர்களா?

கரும்பலகை:
சகத் சிங் செய்தது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதுதான் என் வாதமே, அக்கா. சக்ரா வாங்கியவர்களுக்கு எந்த நாள், எந்த இடம், என்ன செய்தார் என்று சைட்டேஷன், அதாவது விருதுக் குறிப்பு, ஊரறிய வெளிவருகிறது. குடியரசு தினத்தன்று வரும் சேவா பட்டியலில் பதவியும் பெயரும் மட்டும்தான். என்ன செய்தார் என்று நான்கு வரி போட்டால் அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்லியிருப்பேனே.

குன்னூர்க்காரி:
இது சரியான கேள்வி. முதலிலேயே இப்படிக் கேட்டிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். சில வேலைகளை வெளியே எழுத முடியாது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹவில்தார் மகள்:
எல்லோரும் அதிகாரிகளையே பேசுகிறீர்கள். எங்கப்பா லே ரோட்டில் ராணுவ லாரி ஓட்டியவர். போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய ஐந்து மெடலையும் கண்ணாடிச் சட்டத்தில் வைக்க எடுத்துப்போனேன். கடைக்காரர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எதுலயும் பேரே இல்லியேம்மா" என்றார். பேர் இருக்க வேண்டுமா? எங்கப்பா பொய்யாகவா குத்திக்கொண்டிருந்தார்? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பழைய சுபேதார்:
அம்மா, அழாதே. உங்கப்பா ஒரு பொய்யும் சொல்லவில்லை. பார்ட் டூ ஆர்டரில், அதாவது யூனிட்டின் பணிப்பதிவு உத்தரவில், மெடல் ஏறிவிட்டால் குத்திக்கொள்ள உரிமை வந்துவிடும். அசல் மெடலில் விளிம்பில் நம்பர், ரேங்க், பேர் பொறித்திருக்கும். ஆனால் அது வந்துசேர வருஷக்கணக்காகும். அணிவகுப்பு நாளில் வெறும் மார்போடு நிற்க முடியாதே, யூனிட் பக்கத்துக் கடையில் காசு கொடுத்து டூப்ளிகேட் வாங்கிக் குத்திக்கொள்வோம். என் ஏழில் மூன்றில்தான் என் பேர் இருக்கிறது. சியாச்சின் அந்த மூன்றில் இல்லை. உங்கப்பா ஓய்வுபெறும்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கை எடு, அதில் மெடல்கள் வரிசையாக எழுதியிருக்கும். அவருடைய ரெக்கார்ட் ஆபீஸுக்கு நம்பர் போட்டு ஒரு கடிதம் எழுது. எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் சொல்கிறேன்.

கரும்பலகை:
ஐயா, அந்தக் கடிதத்தை நான் தட்டச்சு செய்து தருகிறேன். உங்கள் நான்குக்கும் சேர்த்தே எழுதுவோம்.