சங்கமம் பந்தல் பிரித்த பிறகு ஊரில் தங்கியவை: அனுபவப் பகிர்வு

தொடங்கியவர்:

சென்னை சங்கமம் என்கிற நாட்டுப்புறக் கலை விழா 2007இல் தொடங்கியது. பூங்கா, கடற்கரை, தெருமுனை என்று நகரத்தின் திறந்த வெளிகளில் பறையும் கரகமும் ஒயிலாட்டமும் தெருக்கூத்தும் இறங்கின. 2011க்குப் பிறகு நின்றுபோனது. 2023 பொங்கலுக்கு 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' என்று கலை பண்பாட்டுத் துறை மறுபடி எடுத்து நடத்தியது. பிறகு கோவை, மதுரை, திருச்சி, நெல்லை என்று மற்ற நகரங்களுக்கும் போனது. விழாவைப் பற்றிய பாராட்டும் அரசியலும் எழுதித் தீர்ந்துவிட்டன. பந்தல் பிரித்த பிறகு குழுக்களுக்கும் ஊருக்கும் என்ன தங்கியது, எது கைநழுவியது என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். கருவி, மேடை, சம்பளம், பயிற்சி எதுவானாலும் அளவோடு சொல்லுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அடுத்த குழு அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி இருக்கட்டும்.

பறைப் பயிற்றுநர், மதுரைப் பக்கம்:

தங்கியதில் பெரியது பறை. சாவுக்கும் சாமி சாட்டுக்கும் (கோயில் திருவிழா அறிவிப்பு) மட்டும் கூப்பிட்ட கருவி இன்று கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா வரை வந்திருக்கிறது. பெண்கள் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இதெல்லாம் சங்கமம் ஒன்றால் வந்ததில்லை. தலித் பண்பாட்டு இயக்கங்களும், திண்டுக்கல் சக்தி கலைக்குழு மாதிரியான பெண்கள் குழுக்களும் அதற்கு முன்பே வெட்டிய பாதை இது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு நடைப்பயிற்சிக்கு வருகிறவர் காதிலும் பறையை விழவைத்தது சங்கமம். அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் வாசிப்பவர்கள் பெருகிய வேகத்தில் பறை கட்டுகிறவர்கள் பெருகவில்லை. அதனால் கட்டுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பறையின் வட்டம் ஒரே மரமில்லை. வேம்பு, பூவரசு மாதிரி மரத்தில் வளைவாக அறுத்த மூன்று துண்டுகளை, உள்பக்கம் மூன்று இரும்புப் பட்டை வைத்து ஆணியடித்து இணைப்பார்கள். குறுக்களவு சுமார் 35 செ.மீ. அதன்மேல் ஊறிய மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்ட வேண்டும். கொட்டையை வறுத்து, மேல்தோலை உடைத்து நீக்கி, பருப்பை ஊறவைத்து மையாக அரைத்து, கைவிடாமல் கிண்டிக் காய்ச்சினால் பசை. பாதிப்பேர் கோட்டைவிடுவது இந்தப் பசையில்தான். கட்டி தட்டிய இடத்தில் தோல் பிடிக்காது, இரண்டு மூன்று நிகழ்ச்சி முடிவதற்குள் விளிம்பு தூக்கிக்கொள்ளும். அவசரத்துக்குக் கடையில் விற்கிற வெள்ளைப் பசையைப் பூசுகிறார்கள். அது சூட்டில் இளகிவிடும், பறையோ தோல் இறுகி ஒலிக்க ஒவ்வொரு முறையும் தீயில் காட்டிக் காய்ச்சுகிற கருவி.

ஒட்டிய தோலை உச்சி வெயிலில் போடாதீர்கள். ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், மறுபக்கம் தொய்ந்து நிற்கும். புதுப் பறை வாங்கும்போது விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி, வட்டம் முழுக்க எட்டு இடத்தில் தட்டிப் பாருங்கள். எட்டு இடமும் ஒரே மாதிரி பேச வேண்டும். ஓரிடம் 'தொப்' என்றால் அங்கே பசை விட்டிருக்கிறது, அல்லது தோலின் தடிமன் மாறுகிறது.

குச்சி இரண்டு. இடக்கைக்குச் சுண்டுகுச்சி, மூங்கிலைச் சீவியது, மெலிவானது, ஒரு அடிக்குச் சற்றுக் குறைவு. வலக்கைக்கு அடிகுச்சி, அதைவிடக் குட்டை, தடிமன் கூட. சுண்டுகுச்சியைத் தடியாகச் சீவினால் துள்ளாது. துள்ளாத குச்சியோடு அரைமணி வாசித்தால் இடக்கை மணிக்கட்டு போய்விடும். புதிதாகப் பழகுகிறவர்கள் கைவலி என்று வகுப்பை விட்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான், ஆசிரியர்கள் முதல் நாளே குச்சியைப் பார்த்துவிடுங்கள்.

ஒலி, மேடை வேலை பார்ப்பவர், சென்னை:

தோழர் சொன்ன அந்தத் தீதான் நகரத்து மேடையில் முதல் சிக்கல். பூங்காவுக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். கடற்கரை மேடையில் இரவுக் காற்றின் ஈரம் வேறு. நன்றாகக் காய்ச்சிய பறைகூட கால்மணி, இருபது நிமிடத்தில் சுருதி இறங்கிவிடும். பிளாஸ்டிக் தோல் போட்டுத் திருகாணியில் முறுக்குகிற பறை பரவியது இதனால்தான். காய்ச்ச வேண்டாம், தூறலுக்கும் பயமில்லை. ஆனால் வயிற்றில் இறங்குகிற அடி அதில் வராது, மேல் ஒலி மட்டும் கீச்சென்று முன்னால் நிற்கும். மைக் வைத்தால் அந்தக் கீச்சு இரண்டு மடங்காகும்.

தோல் பறையே வேண்டும் என்கிற அமைப்பாளர் செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. பந்தல் துணியிலிருந்து இருபது அடியாவது தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கமாக, பாதியாக அறுத்த இரும்புப் பீப்பாய் ஒன்று. காய்ந்த வைக்கோல் இரண்டு கட்டு. பக்கத்தில் இரண்டு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். இதற்கான அனுமதியை முன்கூட்டியே எழுதி வாங்கி வைக்க வேண்டும். விறகு வேண்டாம். கங்கின் சூடு ஒரே இடத்தில் தேங்கித் தோல் கருகும். வைக்கோல் சட்டென்று எரிந்து சட்டென்று அடங்கும், பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிச் சூட்டைப் பரவலாக ஏற்றலாம். உள்ளங்கையைத் தோலில் வைத்தால் சூடு பொறுக்க வேண்டும். பொறுக்கவில்லை என்றால் எல்லை தாண்டிவிட்டது, அடுத்த பலத்த அடியில் விளிம்பு கிழியலாம்.

மைக் பற்றி ஒன்று. எட்டுப் பறை நிற்கிற திறந்தவெளியில் பறைக்கு மைக்கே வேண்டாம். பாடுகிறவருக்கு மட்டும், அதுவும் பறை வரிசையிலிருந்து ஒதுக்கி, முதுகைப் பறைக்குக் காட்டாமல் பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள். நையாண்டி மேளத்தில் நாதஸ்வரத்துக்கு ஒன்று போதும். தவில் தானாகவே கேட்கும்.

கரகாட்டக் குழுவின் ஒருங்கிணைப்பாளர், தஞ்சை:

ஆட்டக் கரகச் செம்பில் அரிசியோ மண்ணோ மூன்று, மூன்றரை கிலோ வரை இருக்கும். எடை குறைந்தால் தலையில் நிலை நிற்காது. விமானத்தில் வருகிற குழுவிடம் "காலிச் செம்பு கொண்டுவாங்க, இங்கே அரிசி தர்றோம்" என்று சொல்லும் அமைப்பாளர்கள், மேடையேறும் நேரத்தில் தராமல் காலையிலேயே தந்துவிட வேண்டும். ஆடுகிறவர் அந்த எடையோடு பத்து நிமிடமாவது நடந்து பார்க்க வேண்டும்.

தற்காலிக மேடையின் பலகை இணைப்புகளில் அரை அங்குலம் ஏற்ற இறக்கம் இருந்தாலே வெறுங்காலில் சுழல்கிறவர் விரல் மாட்டும். கம்பளம் விரித்தால் இழுத்து ஓரம் அடித்திருக்க வேண்டும். தளர்ந்த கம்பளம் வெறும் பலகையைவிட ஆபத்து. பொய்க்கால் குதிரைக்கு மேடையே வேண்டாம். தரையில் ஆடவிடுங்கள், வழவழப்பான கல்தளம் என்றால் கட்டையின் அடியில் பழைய டயர் ரப்பர் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உடை மாற்றும் அறை. இதை அழுத்திச் சொல்கிறேன். நாலு பக்கமும் துணி கட்டினால் அறை ஆகாது. விளக்கு உள்ளே எரிந்தால் துணியில் நிழல் விழும், வெளியே நிற்கிற கூட்டம் பார்க்கும். தகரம் அல்லது பலகை அடைப்பு, உள்தாழ்ப்பாள், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அதற்கு நேர் மேலே விளக்கு, பக்கத்திலேயே கழிப்பறை. ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது: அரசு விழாவில் இதெல்லாம் பார்த்துப் பழகிய பெண் கலைஞர்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஒப்புக்கொள்ளும்போதும் "அறை எங்கே" என்று முதலிலேயே கேட்கிறார்கள். கோயில் கமிட்டிகளும் பள்ளிக்கூட வகுப்பறையைத் திறந்துவிட ஆரம்பித்திருக்கின்றன. சங்கமம் விட்டுப்போனதில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது இதுதான்.

தெருக்கூத்து வாத்தியார், வடமாவட்டம்:

கூத்துக்கு அவ்வளவு நல்லது நடக்கவில்லை. விடிய விடிய நடக்கிற கலைக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். வேடம் கட்டவே இரண்டு, மூன்று மணி நேரம். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடியும் வண்ணத்தாளும் ஒட்டியவை. மரம் எடை குறைவு, அதனால்தான் இரவு முழுக்கத் தாங்க முடிகிறது. இதையெல்லாம் கட்டிக்கொண்டு வந்தவர் இருபது நிமிடத்தில் மொத்த பாரதத்தையும் ஓட்டிக் காட்டுவது வீண். கதையும் புரியாது, அடவும் தெரியாது.

குறைந்த நேரம்தான் என்றால் ஒரே ஒரு திரைப் பிரவேசத்தை முழுதாகச் செய்யுங்கள். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, சலங்கை ஒலிக்க, கிரீடம் மட்டும் மேலே தெரிந்து, மெல்லத் திரை விலகி வெளியே வந்து கிறுக்கி (வேகச் சுழற்சி) அடித்து முடிக்க அரைமணி ஆகும். கட்டியங்காரன் கேள்வி கேட்டு ராஜாவை அறிமுகம் செய்வதும் அதில் வந்துவிடும். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் நாலும் கூடவே இருக்க வேண்டும். பதிவு செய்த இசைக்கு ஆடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பறையிலும் இந்தச் சுருக்கம் வேலையைக் காட்டியிருக்கிறது. மேடைத் தொகுப்பில், அடி என்கிற தாள வகைகளில் சினிமா அடியும் ஜாயிண்ட் அடியும் ஓங்கி, சாமி இறக்குகிற மருளடியும் சாமிச்சாட்டு அடியும் ஒதுங்குகின்றன. பத்து நிமிடத் தொகுப்பு மட்டுமே தெரிந்த இளைஞரைச் சாமி இறக்கக் கூப்பிட்டால் திணறுவார்.

பறைப் பயிற்றுநர், மதுரைப் பக்கம்:

வாத்தியார் சொல்வது உண்மை. பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்கள் 25 இடங்களில் வந்திருக்கின்றன, நல்லது. அங்கே மேடைத் தொகுப்புக்கு முன்னால் ஒத்தையடி, சப்பரத்து அடி, டப்பா அடி, பாடம் அடி என்று வரிசையாகக் கொடுங்கள். கற்றுக்கொடுக்கிற இடத்தில் தலைமுறையாக வாசித்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவமானத்தோடு இந்தக் கருவியைச் சுமந்த குடும்பம் வாசலில் நிற்க, வேறொருவர் அதைக் கலையென்று கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தால் அது எந்த மீட்பும் இல்லை.

கலைஞர் சங்கப் பொறுப்பாளர், விழுப்புரம்:

பணம், அட்டை விவகாரம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் 2007இல் வந்ததுதான். உறுப்பினர் அட்டை இருந்தால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, இறப்பு உதவி என்று கேட்கலாம். வயதான நலிந்த கலைஞருக்கு மாதம் 3000 ரூபாய் இயல் இசை நாடக மன்றம் வழியாகத் தனியாக உண்டு. விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஆதாரில் ஒரு முன்னெழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு முன்னெழுத்து. முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதை வைத்து வங்கியில் திருத்துங்கள், அதன்பின் வாரியத்துக்கு எழுதுங்கள். வரிசை மாறினால் மூன்றும் மறுபடி மாற்ற வேண்டி வரும்.

தவிலும் பம்பையும் இரண்டும் வாசிப்பவர் இரண்டையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். பக்கவாத்தியக்காரர் சம்பளம் குழுத் தலைவர் கணக்கில் மொத்தமாக விழுந்தால் பிரிப்பதில் சண்டை வரும். ஒப்பந்தத்திலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், கைரேகையானாலும் சரி.

புதியவர்:

எங்கள் குடியிருப்போர் சங்கம் பொங்கலுக்குப் பறைக் குழுவைக் கூப்பிட விரும்புகிறது. எத்தனை பேர், எவ்வளவு நேரம் கேட்பது?

ஒலி, மேடை வேலை பார்ப்பவர், சென்னை:

எட்டுப் பேர் போதும், நாற்பத்தைந்து நிமிடம் கேளுங்கள், நடுவில் காய்ச்சப் பத்து நிமிடம் விடுங்கள். இடைத்தரகர் இல்லாமல் குழுத் தலைவரிடம் நேரடியாகப் பேசுங்கள். போக்குவரத்தைச் சம்பளத்தில் கழிக்காதீர்கள். சாப்பாடு ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, உங்கள் வீட்டுக்காரர்கள் உட்காரும் அதே பந்தியில். வைக்கோலை மட்டும் மார்கழி பாதியிலேயே வாங்கி மொட்டை மாடியில் காயவைத்துவிடுங்கள். போகி நெருங்கிவிட்டால் சென்னையில் காய்ந்த வைக்கோல் தேடி அலைய வேண்டியிருக்கும்.