கட்டைவிரல் அளவில் ஒரு கணவாய், மணலுக்குள் புதைகிறது. என்ன இனம்?

முத்துநகரான்:
வேலையாக ஹவாய் வந்திருக்கிறேன். நேற்று இரவு ஓவாகு தீவில், கனியோஹே விரிகுடாவில் முழங்கால் தண்ணீரில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தேன். உருண்டையாக ஒரு கணவாய். கிட்டே போனதும் மணலுக்குள் இறங்கி, கைகளால் மணலை வாரித் தலைமேல் போட்டுக்கொண்டது. ஊரில் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய் எல்லாம் பார்த்தவன்தான், இது புதுசு. பெரிய இனத்தின் குஞ்சா?

ஆய்வகவாசி:
குஞ்சு இல்லை தம்பி, வளர்ந்ததே அவ்வளவுதான். உடல் 3 சென்டிமீட்டர் வந்தால் பெரிசு. பாப்டெயில் ஸ்குவிட் வகை, யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ். பகலில் மணலுக்குள் கிடக்கும், இருட்டினால் இறால் வேட்டை. ஆய்வகத்தில் இவற்றுக்கு இறால் போட்டு வளர்த்தவன் நான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

உடலுக்குள் ஒரு ஒளியுறுப்பு உண்டு. ஒளி அதனுடையதல்ல, அதில் குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷெரி பாக்டீரியாவுடையது. மேலிருந்து விழும் நிலா வெளிச்சத்துக்கு ஈடாகக் கீழ்நோக்கி ஒளிவிடுவதால், அடியில் திரியும் மீனுக்கு இதன் நிழல் தெரியாது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு 2 மில்லிமீட்டர் இருக்கும், பாக்டீரியா இருக்காது. கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியா என்றால், அதில் விப்ரியோ வெகு சொற்பம். ஒளியுறுப்பின் மேல் நுண்ணிய ரோமங்களோடு நீட்டல்கள் இருக்கும். அவை நீரைச் சுழற்றி, சளியில் பாக்டீரியாவைப் பிடிக்கும். சரியான ஆள் உள்ளே போனபின், சில நாட்களில் அந்த நீட்டல்களே கரைந்துவிடும்.

உப்புக்காற்று:
அப்போ பகலில் விளக்கு எதற்கு, வீண்தானே?

ஆய்வகவாசி:
அதனால்தான் விடிகிற நேரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் பாக்டீரியாவை வெளியே துப்பிவிடுகிறது. மிச்சம் இருப்பது சாயங்காலத்துக்குள் பெருகிவிடும். துப்பியது சுற்றுத் தண்ணீரில் கலப்பதால் அங்கே பொரிக்கும் குஞ்சுகளுக்கும் லாபம். இந்தக் கூட்டு வாழ்க்கையைப் பார்க்கத்தான் 2021 ஜூனில் நாசா 128 குஞ்சுகளை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது.

முத்துநகரான்:
ஒன்றைப் பிடித்து வாளியில் வைத்துப் பார்க்கலாமா? வறுக்க இல்லை, சத்தியமாக!

ஆய்வகவாசி:
வறுத்தாலும் ஒரு வாய்க்குக் காணாது. வாளி வேண்டாம், தண்ணீர் சூடானால் தாங்காது. மொத்த ஆயுளே சில மாதம்தான். டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து அசையாமல் நில்லுங்கள், தானே கிளம்பி வரும். அப்புறம் செத்த பவளத் துண்டைப் புரட்டினால் பார்த்துத் திருப்பி வையுங்கள், முட்டை ஒட்டியிருக்கலாம். காவலுக்குத் தாய் இருக்காது.