அவசரம்: சோழவந்தான் பக்கம் சிக்னல் எதுவும் தண்டவாளத்தோட சேர மாட்டேங்குது

கூடல்நகர்க்காரன் | செவ்வாய் இரவு 9:12
வணக்கம். ஒரு பெரிய ரயில் கட்டமைப்பு நிறுவனத்துல டேட்டா ஆர்கிடெக்சர் பொறுப்பு என்கிட்ட இருக்கு. தண்டவாளம், சிக்னல், மேல்நிலை மின்கம்பி மூணு பிரிவோட சொத்துப் பட்டியலையும் ஒரே மாடலுக்குள்ள கொண்டுவர்றோம். நேத்து மானாமதுரை - ராமேஸ்வரம் ஏத்தினோம், சுத்தமா ஓடுச்சு. இன்னைக்கு மதுரை - திண்டுக்கல் ஏத்தினா சோழவந்தான்ல ஒரு சிக்னல்கூட சேரல. ரெண்டையும் சேக்கச் சொல்லி டேட்டாபேஸ்ல எழுதின குவெரி சரிதான், நாலு தடவை பாத்துட்டேன். நாளைக்குக் காலை 11 மணிக்கு மேலதிகாரிகளுக்குக் காட்டணும். வெரசா யாராவது சொல்லுங்க.

திருமங்கலத்தான் | 9:19
எந்த டேட்டாபேஸ்? எதை வச்சு சேக்குறீங்க, கிலோமீட்டரா, ஆயத்தொலைவா? பிழைன்னு எதாவது வருதா, வெறுமையா வருதா? இதெல்லாம் தெரியாம நாங்க எதைன்னு சொல்ல?

மாஸ்டர்டேட்டா மீனா | 9:27
பேர் குழப்பமாத்தான் இருக்கும். நான் இதே மாதிரி வேலையில ரெண்டு வருஷம் மாட்டிக்கிட்டு இருந்தேன். தண்டவாளப் பிரிவு 'பாயின்ட்ஸ்'னு எழுதுறதும் சிக்னல் பிரிவு 'பாயின்ட் மெஷின்'னு எழுதுறதும் ஒரே இடத்துல நிக்கிற ரெண்டு வேற சொத்து. ஒண்ணு தண்டவாளம் பிரியிற இடம், இன்னொண்ணு அதை நகத்துற மோட்டார். ரெண்டையும் ஒரே வரியாக்கப் பாத்தா ஒண்ணு காணாமப் போகும். முதல்ல ஒவ்வொரு சொத்துக்கும் மாறாத ஒரு அடையாள எண் கொடுங்க.

ஸ்கீமா சித்தன் | 9:40
ஆர்கிடெக்சர் பொறுப்பில் இருப்பவர் குவெரியிலிருந்து தொடங்கக் கூடாது. சர்வதேச ரயில்வே ஒன்றியமான யூஐசி, ரயில் பாதை அமைப்பை விவரிக்கும் பொது மாதிரியான ரயில்டோப்போமாடலை 2016-லேயே ஐஆர்எஸ் 30100 என்ற எண்ணில் வெளியிட்டுவிட்டது. பாதையைக் கணுக்களாகவும் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வைத்து, சொத்து எந்தக் கோட்டில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். இந்த இழைகளில் பல முறை சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு வந்து கேட்டால் நேரம் மிச்சமாகும்.

கூடல்நகர்க்காரன் | 9:48
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதுல வரைபட வேலைக்கு போஸ்ட்ஜிஐஎஸ். சிக்னல் தண்டவாளத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள இருந்தா சேரும். பிழை எதுவும் இல்ல, வெறுமையா வருது. சமயநல்லூர் வரைக்கும் சரியா இருக்கு. சிக்னல் கோப்பு சர்வே எடுத்தவங்க கொடுத்தது. இன்னொரு மீட்டிங் ஓடுது, அப்புறம் வர்றேன்.

ஓய்வு பாதைக்காரர் | 9:58
தம்பி, நான் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிலோமீட்டர் கல் மாறியிருக்கும், அதை முதலில் பாருங்கள். போடி பாதையை மீட்டர் கேஜிலிருந்து அகலப்படுத்தி 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் வண்டி விட்டார்கள். வளைவை நேராக்கினால் நீளம் குறையும், கல்லை எல்லா இடத்திலும் பிடுங்கி நட மாட்டார்கள். அதனால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் ஆயிரம் மீட்டர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்புவதே இல்லை.

திருமங்கலத்தான் | 10:04
ஐயா, அவர்தான் கிலோமீட்டர் வச்சு சேக்கலைன்னு சொல்லிட்டாரே.

ஓய்வு பாதைக்காரர் | 10:09
அதுதான் தப்பு என்கிறேன். தண்டவாளத்தைச் சோதிக்கிற ஊழியரான கீமேன் தினமும் தனக்கு ஒதுக்கிய தூரத்தை நடந்து பார்க்கிறார். தண்டவாளத்தில் விரிசல் கண்டால் இன்ன கல், இன்ன கம்பம் என்றுதான் சொல்வார். அவர் சொல்கிற முகவரி உங்கள் மாடலில் இல்லையென்றால் அந்த மாடல் யாருக்கு?

ஸ்கீமா சித்தன் | 10:15
கல் என்பது ஓர் அடையாளக் குறி மட்டும்தான். அளவீடு அல்ல. இந்த வேறுபாடு புரியாததால்தான் இத்தனை திட்டங்கள் நடுவழியில் நிற்கின்றன.

மாஸ்டர்டேட்டா மீனா | 10:18
சித்தன் சார், ஐயா சொல்றதுல நியாயம் இருக்கு. மின்கம்பத்துக்கும் கிலோமீட்டரை வச்சுத்தான் எண் எழுதுறாங்க. களத்துல எல்லாரும் பேசுற மொழி அது. அதையும் ஒரு தனி நெடுவரிசையா, எந்தத் தேதியில இருந்து செல்லும்னு தேதி போட்டு வச்சுக்கலாமே.

வைகைக்கரை | 10:22
சண்டையை அப்புறம் பாத்துக்கலாம். கூடல்நகர் தம்பி, சமயநல்லூர் சிக்னல் ஒண்ணு, சோழவந்தான் சிக்னல் ஒண்ணு, சர்வே கோப்புல வந்த எண்ணை அப்படியே ஒட்டுங்க. உங்க மாடலுக்குள்ள போன பிறகு இருக்கிறது வேண்டாம், வந்தபடி வேணும்.

கூடல்நகர்க்காரன் | 10:51
சமயநல்லூர்: கிழக்கு 1 லட்சத்து 75 ஆயிரத்தை ஒட்டி. சோழவந்தான்: கிழக்கு 8 லட்சத்து 24 ஆயிரத்தை ஒட்டி. வடக்கு ரெண்டுக்கும் 11 லட்சத்தைச் சுத்தி. முழு எண்ணை வெளிய போட அனுமதி இல்ல. எல்லாம் மீட்டர்ல.

வைகைக்கரை | 10:58
கிடைச்சிருச்சு. யூடிஎம் மண்டலம் மாறுது. உலகத்தை 6 டிகிரி அகலப் பட்டைகளாப் பிரிச்சு இடத்தை மீட்டர்ல எண்ணுற முறை அது.

43-ஆம் மண்டலம் கிழக்குத் தீர்க்கரேகை 72-ல இருந்து 78 டிகிரி வரை. அதுக்குக் கிழக்கே 84 வரை 44-ஆம் மண்டலம். அந்த 78 டிகிரிக் கோடு நம்ம மதுரைக்குக் கொஞ்சம் மேற்கே ஓடுது. மதுரை ஜங்ஷன் 78.1, சோழவந்தான் 78-க்குக் கீழ. சமயநல்லூர் தாண்டினதும் பாதை கோட்டைக் கடந்திருது. ஒவ்வொரு மண்டலமும் தன் நடுக்கோட்டை 5 லட்சம் மீட்டர்னு வச்சு எண்ணும். அதனால கோட்டுக்கு இந்தப் பக்கம் 1 லட்சத்து 75 ஆயிரம், அந்தப் பக்கம் 8 லட்சத்து 24 ஆயிரம். சில கிலோமீட்டர்ல இருக்கிற ரெண்டு ஊருக்கு நடுவுல 650 கிலோமீட்டர் இடைவெளி வந்திரும்.

சர்வே எடுத்தவங்க ஒவ்வொரு புள்ளியையும் அதது மண்டலத்துல கொடுத்திருக்காங்க. நீங்க மொத்தத்தையும் 44-னு ஏத்தியிருப்பீங்க. வரைபடத்துல பாருங்க, உங்க சோழவந்தான் சிக்னல் இலங்கைக்கும் கிழக்கே கடல்ல கிடக்கும்.

இதையும் சோதிங்க: திருப்பரங்குன்றம் சேரும், திருமங்கலத்துல இருந்து விருதுநகர் வரை சேராது. ராமேஸ்வரம் பாதை முழுசும் 44 மண்டலம், அதான் நேத்து சிக்கல் வரல.

இப்போதைக்கு கிழக்கு 5 லட்சத்துக்கு மேல இருக்கிற வரிகளை 32643-னும் (43-ஆம் மண்டலத்தோட குறியீடு) மத்ததை 32644-னும் (44-ஓட குறியீடு) குறிச்சு, எல்லாத்தையும் 4326-க்கு, அதாவது டிகிரியில எழுதுற அட்சரேகை, தீர்க்கரேகைக்கு மாத்துங்க. இது இந்தக் கோப்புக்கு மட்டும் செல்லும், விதியா வச்சுக்காதீங்க. சர்வேக்காரங்க மண்டல எண்ணுக்கு ஒரு நெடுவரிசை இல்லாம கோப்பு கொடுத்தா வாங்கவே கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க.

திருமங்கலத்தான் | 11:06
எங்க ஊர் சிக்னலும் கடல்லதானா! அண்ணே, அருமை. இன்னொண்ணு, அந்த 50 மீட்டர் வளையம் ஆபத்து. இரட்டைப் பாதையில ரெண்டு லைனுக்கும் நடுவுல ஏறக்குறைய அஞ்சு மீட்டர்தான். ஒரு திசைக்கான அப் லைன் சிக்னல் எதிர்த் திசைக்கான டவுன் லைன்ல ஒட்டிக்கிட்டா, இன்னைக்கு வந்த மாதிரி வெறுமையாக்கூட வராது. சரியா இருக்கிற மாதிரியே தெரியும்.

ஸ்கீமா சித்தன் | 11:14
நான் முதலிலேயே சொன்ன கணு, கோடு முறைக்குத்தான் இது வந்து சேர்கிறது. எந்தக் கோட்டுக்கு உரிய சிக்னல் என்று எழுதி வைத்திருந்தால் வளையமே வேண்டியதில்லை.

ஓய்வு பாதைக்காரர் | 11:20
எந்தக் கோட்டுக்கு எந்தச் சிக்னல் என்று யார் எழுதுவது? களத்துக்குப் போகிறவர்தானே. அவரை உங்கள் கூட்டத்துக்கு ஒருநாளாவது கூப்பிட்டிருக்கிறீர்களா?

மாஸ்டர்டேட்டா மீனா | 11:25
இதுக்குத் தனி இழை தொடங்கலாம் ஐயா, நீங்களே எழுதுங்க. எனக்கு உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்.

கூடல்நகர்க்காரன் | புதன் காலை 10:37
மண்டலம்தான். 43-க்கு மாத்தினதும் சோழவந்தான், கொடைரோடு, திண்டுக்கல் எல்லாம் சேந்திருச்சு. திருமங்கலமும் வைகைக்கரை அண்ணன் சொன்ன மாதிரியே இருந்துச்சு. ரொம்ப நன்றிண்ணே. கூட்டத்துக்குப் போறேன்.

திருமங்கலத்தான் | 10:44
வளையத்தைக் குறைச்சீங்களா? அப், டவுன் பிரிச்சுப் பாத்தீங்களா?

வைகைக்கரை | பிற்பகல் 3:15
உசிலம்பட்டிப் பக்கம் தாண்டி போடி வரைக்கும் முழுசும் 43 மண்டலம். அந்தக் கோப்பை ஏத்துறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க தம்பி.

திருமங்கலத்தான் | வியாழன் காலை 8:02
அந்த வளையம் என்னாச்சுங்க?